ஒரு கம்பி கத்துகிறது, இன்னொன்று முனகுகிறது: எலக்ட்ரிக் கிட்டார் கேள்வி பதில்

கிட்டார் வாசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கம்பிகளை வழக்கப்படி கீழிருந்து எண்ணுகிறேன்: மெல்லிய ஈ முதல் கம்பி, பி இரண்டாவது, ஜி மூன்றாவது, டி நான்காவது, ஏ ஐந்தாவது, தடித்த ஈ ஆறாவது.

ஒரே ஒரு கம்பி மட்டும் சத்தம் குறைவாகக் கேட்கிறது. வயரிங்கில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. பிக்கப்பை (கம்பிகளுக்கு அடியில் இருந்து அவற்றின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) திறந்து சோல்டரிங் அயனைச் சூடாக்கும் முன் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பிக்கப்புக்குள் இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும். மேலே இருக்கும் இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆறு கம்பிகளுக்கும் சேர்த்து ஒரே சுருள்தான். சுருளைத் தாண்டியபின் எது எந்தக் கம்பியின் சத்தம் என்று வயருக்கும் தெரியாது, வால்யூம் குமிழுக்கும் தெரியாது, கேபிளுக்கும் தெரியாது. அங்கே எது கெட்டாலும் ஆறும் சேர்ந்துதான் கெடும். ஹம்பக்கர் என்ற வகைப் பிக்கப்பில் இரண்டு சுருள்கள் உண்டு. அதில் ஒன்று செத்தாலும் எல்லாக் கம்பிகளும் ஒன்றாக மெலிந்து, 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கூடுமே தவிர ஒரு கம்பி மட்டும் தனியாகக் குறையாது.

ஆகவே ஒரு கம்பி மட்டும் அடங்கிப்போனால், சிக்கல் சுருளுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும்: கம்பியில், அது உட்கார்ந்திருக்கும் இடத்தில், அதற்கும் காந்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில், அல்லது உங்கள் கையில். ஒரு விதிவிலக்கு பேஸ் கிட்டாரில் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேபிளைப் பிடுங்குங்கள். ஆம்ப் இல்லாமல், அமைதியான அறையில், கிட்டாரின் மேல் விளிம்பில் காதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள். அடங்கிய கம்பி இங்கேயும் அடங்கியே ஒலித்தால் பிக்கப்பை மறந்துவிடலாம். கம்பி, சாடில் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டு), நட் (தலைப் பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டு), ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. இங்கே நன்றாக ஒலித்து ஆம்பில் மட்டும் குறைந்தால், பிக்கப் உயரமோ கம்பியின் உலோகமோ காரணம்.

அப்புறம் பிக்கப் ஸ்விட்சை மாற்றிப் பாருங்கள். பிரிட்ஜ் அருகே உள்ள பிக்கப்பில் குறைவு, கழுத்தருகே உள்ள நெக் பிக்கப்பில் சரி என்றால் அந்த ஒரு பிக்கப்பின் உயரத்தைப் பார்த்தால் போதும். எல்லாப் பிக்கப்பிலும் ஒரே கம்பிதான் குறைகிறது என்றால் பெரும்பாலும் கம்பியையே மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, குறைவது கம்பியா சுரமா என்று பிரித்தறிய வேண்டும். ஆறாவது கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டில் வரும் ஏ சுரமும் ஐந்தாவது கம்பியைத் திறந்து (எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாமல்) தட்டினால் வரும் ஏ சுரமும் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் அந்தச் சுரம் முழங்கினால் அது கிட்டாரின் வேலையே இல்லை, அறையோ ஸ்பீக்கரோ செய்வது. 110 ஹெர்ட்ஸ் கொண்ட அந்த ஏ, சுமார் 3.1 மீட்டர் நீளமுள்ள அறையில் இரு சுவர்களுக்கும் இடையே நிலைகொண்டுவிடும். கட்டிலில் உட்கார்ந்தால் ஒரு மாதிரி, வாசற்படியில் நின்றால் வேறு மாதிரி கேட்பது அதனால்தான். ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதிலேயே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும்.

என் கை காரணமாக இருக்குமா?

இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீழ்நோக்கி அடிக்கும்போது தடித்த கம்பிகளில் பிக் பலமாக விழுந்து, மெல்லிய கம்பிகளை அடையும்போது கை தளர்ந்துவிடும். மேல்நோக்கி அடித்தால் கதை தலைகீழ். இன்னொரு வழக்கமான தவறு, உள்ளங்கை ஓரம் பிரிட்ஜின் மேல் தெரியாமல் படிந்து ஆறாவது, ஐந்தாவது கம்பிகளை அமுக்கிவிடுவது. அதே கிட்டாரை வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கையில் சமமாக ஒலித்தால் ஸ்க்ரூடிரைவரை எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.

காதை நம்பாமல் அளந்து பார்க்க முடியுமா?

முடியும். ஆம்பில் டிஸ்டார்ஷன், கம்ப்ரெசர் (பலத்த, மெல்லிய சத்தங்களைச் சமன்செய்வது), ரிவர்ப் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒரே இடத்தில், முடிந்தவரை ஒரே பலத்தில், நான்கு முறை தட்டுங்கள். திரையில் அலையின் உச்சங்கள் படிக்கட்டுபோல் தெரியும். ஒரு கம்பியின் உச்சம் இன்னொன்றின் பாதியாக இருந்தால் அது 6 டெசிபல் வித்தியாசம். அது காதுக்குத் தெளிவாகத் தெரியும். 1 டெசிபல் வித்தியாசத்தை வாசிப்பின் நடுவே யாரும் கவனிப்பதில்லை.

ஆனால் எல்லா உச்சங்களையும் ஒரே கோட்டில் கொண்டுவர முயலாதீர்கள். அலையின் உயரமும் காது உணரும் சத்தமும் ஒன்றல்ல. தாழ்ந்த சுரங்களைவிட நடுத்தர, உயர்ந்த சுரங்கள் காதுக்குப் பலமாகப் படும். திரையில் சமமாக வைத்த கிட்டார் காதில் கீச்சென்று ஒலிப்பதுண்டு. எந்தக் கம்பி மிகவும் விலகி நிற்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் திரையை நம்புங்கள்.

மூன்றாவது கம்பி மட்டும் ஏன் இப்படிக் கத்துகிறது?

இது அதிகம் கேட்கப்படும் கேள்வி. பதில் 1950-களில் இருக்கிறது.

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் வந்தபோது கிட்டார்காரர்கள் போட்டிருந்த மூன்றாவது கம்பி, சுற்றுக் கம்பி. அதாவது மெல்லிய உள்கம்பியின் மேல் இன்னொரு கம்பியை இறுக்கச் சுற்றியது. அந்தச் சுற்றுக் கம்பியின் சத்தம் குறைவு. அதை ஈடுகட்ட அந்தக் கம்பிக்கு நேரே உள்ள காந்தக் குச்சியை உயரமாக வைத்தார்கள், இரண்டாவது கம்பியின் குச்சியைத் தாழ்த்தினார்கள். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் ஆறு குச்சிகளும் மேடு பள்ளமாகத் தெரியும். அந்தக் காலத்து ஃபிங்கர்போர்டும் (கழுத்தின் மேல் விரல் வைக்கும் பலகை) 7.25 அங்குல ஆரத்தில் நன்றாக வளைந்திருந்தது. நடுக்கம்பிகள் பிக்கப்பிலிருந்து தள்ளி நின்றதால் நடுவில் உயரமான குச்சி பொருந்தியது.

பிறகு எல்லோரும் கம்பியை வளைத்து வாசிக்க ஆசைப்பட்டு மெல்லிய செட்டுக்கு மாறினார்கள். மூன்றாவது கம்பி சுற்று இல்லாத வெறும் எஃகுக் கம்பியானது. ஃபிங்கர்போர்டும் 9.5, 12 அங்குலம் என்று தட்டையானது. காந்தக் குச்சிகள் மட்டும், பழைய பாணிப் பிக்கப்புகளில், அன்று வைத்த இடத்திலேயே நிற்கின்றன. ஏற்கெனவே பலமான கம்பிக்கு மிக அருகே மிக உயரமான காந்தம். கத்தாமல் என்ன செய்யும்?

கம்பியின் கணக்கையும் பாருங்கள். வழக்கமான 10 செட்டில் முதல் மூன்று கம்பிகள் 0.010, 0.013, 0.017 அங்குலம். இரண்டாவதையும் மூன்றாவதையும் குறுக்கே வெட்டிப் பார்த்தால், மூன்றாவதில் சுமார் 1.7 மடங்கு எஃகு இருக்கும். நான்காவது கம்பி வெளியே 0.026 என்று தடிமனாகத் தெரிந்தாலும் அதன் உள்கம்பி பொதுவாக மூன்றாவது கம்பியைவிட மெல்லியது. பிக்கப் பெரிதும் 'பார்ப்பது' அந்த உள்கம்பியைத்தான். மேல் சுற்று அதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். அதனால் இரண்டு பக்கமும் இளைத்தவர்கள் நிற்க, நடுவில் ஒரு தடியன்.

தீர்வுகளில் எனக்குப் பிடித்த வரிசை இது. முதலில் பிக்கப் முழுவதையும் இறக்கிப் பாருங்கள். ஒரு குச்சி கம்பியிலிருந்து 2 மி.மீ., பக்கத்துக் குச்சி 3 மி.மீ. தள்ளி இருந்தால் விகிதம் ஒன்றுக்கு ஒன்றரை. பிக்கப்பை 1.5 மி.மீ. இறக்கினால் அதுவே 3.5-க்கு 4.5 ஆகி, விகிதம் 1.3-க்கும் கீழே வந்துவிடும். எல்லாச் சத்தமும் குறையும்தான். அதை ஆம்பில் ஏற்றிக்கொள்ளலாம். போதவில்லை என்றால் மூன்றாவது கம்பியை மட்டும் 0.016 ஆக்குங்கள். அப்படியும் போதாமல், அந்தக் கம்பியை அதிகம் வளைத்து வாசிக்காதவராகவும் இருந்தால், சுற்று வைத்த மூன்றாவது கம்பியே போட்டுவிடலாம். மேடுபள்ளக் குச்சிக்கு அதுதான் பிறவித் துணை. எல்லாக் குச்சிகளும் ஒரே மட்டத்தில் உள்ள பிக்கப்புக்கு மாறுவது கடைசி வழி.

புதிய கம்பி போட்டும் சில கம்பிகள் உயிரில்லாமல் ஒலிக்கின்றன. ஏன்?

கம்பியின் உலோகத்தைப் பாருங்கள். ஒருமுறை பழைய கிட்டார் ஒன்றை வாங்கினேன். முதல் இரண்டு கம்பிகள் மணி மணியாக ஒலிக்க, மற்ற நான்கும் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல் இருந்தன. பிக்கப்பை ஏற்றினேன், இறக்கினேன், ஸ்விட்சைத் துடைத்தேன், மூன்று இடத்தில் மறுபடி சோல்டர் வைத்தேன். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் சன்னல் வெளிச்சத்தில் கிட்டாரைத் திருப்பியபோதுதான் தடித்த கம்பிகள் வெள்ளி நிறமாக இல்லாமல் பித்தளைப் பாத்திரம்போல் மஞ்சளாக மின்னுவதைக் கண்டேன். யாரோ அகூஸ்டிக் கிட்டார் கம்பியைப் போட்டிருக்கிறார்கள். வெண்கலச் சுற்றைக் காந்தம் கண்டுகொள்ளாது. உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு மட்டும்தான் பிக்கப்புக்குத் தெரியும். நிக்கல் பூசிய எஃகுச் சுற்றுள்ள செட்டைப் போட்டதும் நான்கும் விழித்துக்கொண்டன. முதல் கேள்விக்கான பதிலை அவ்வளவு உறுதியாகச் சொல்வது அந்த இரண்டு நாளின் புண்ணியத்தால்தான்.

தூய நிக்கல் சுற்றுள்ள கம்பிகள், நிக்கல் பூசிய எஃகைவிடச் சற்று அடக்கமாக ஒலிக்கும். அது குறையல்ல, சிலர் அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறார்கள்.

இன்னொன்று, கம்பி போடும் விதம். சில சுற்றுக் கம்பிகளில் உள்கம்பி அறுகோணமாக இல்லாமல் உருண்டையாக இருக்கும். அத்தகைய கம்பியை முறுக்காணியில் மடித்து வளைக்கும் முன்பே கட்டிங் பிளையரால் நறுக்கினால், மேல் சுற்று பிடியை விட்டு நெகிழ்ந்துவிடும். பார்க்க ஒன்றும் தெரியாது, தட்டினால் 'தொப்'பென்று விழும். ஆகவே முதலில் மடியுங்கள், பிறகு நறுக்குங்கள். நெகிழ்ந்த கம்பியைக் காப்பாற்ற முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

பழைய கம்பிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வியர்வையும் அழுக்கும் சுற்றின் இடுக்குகளில் ஏறிய பிறகு முதலில் போவது தடித்த கம்பிகளின் பளிச்சென்ற ஒலி. கம்பிகள் மூன்று மாதம் பழையவை என்றால், எதையும் திருகும் முன் செட்டை மாற்றுங்கள்.

பிக்கப் உயரத்தை எப்படிச் சரிசெய்வது?

கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை இது. புதிய கம்பி, சுருதி, கழுத்தின் வளைவு, கம்பிகளின் உயரம், இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) எல்லாம் முடிந்த பிறகு பிக்கப்புக்கு வாருங்கள். பிக்கப்பை நுணுக்கமாக வைத்துவிட்டு மறுநாள் சாடிலைத் தாழ்த்தினால் அத்தனை உழைப்பும் வீண்.

ஆறாவது கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பியின் அடிப்பக்கத்துக்கும் காந்தக் குச்சியின் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சின்ன எஃகு ஸ்கேலால் அளவிடுங்கள். காந்தம் ஸ்கேலைப் பிடித்து இழுக்கும், பிளாஸ்டிக் ஸ்கேல் இருந்தால் நிம்மதி. அடுத்து முதல் கம்பிக்கும் இதே மாதிரி. பழைய பாணி ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்லும் தொடக்க அளவு ஆறாவது கம்பியில் 2.4 மி.மீ., முதல் கம்பியில் 2 மி.மீ. ஹம்பக்கருக்கு இரண்டு பக்கமும் 1.6 மி.மீ. ஹம்பக்கரை அருகே கொண்டுவரலாம், அதன் காந்த இழுப்பு கம்பியின் மேல் அவ்வளவு பலமாக விழாது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் தடித்த பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருப்பதற்குக் காரணம், அந்தக் கம்பிகளில் எஃகும் அதிகம், ஆட்டமும் அகலம்.

பிக்கப்பின் இரு முனைகளிலும் உள்ள திருகுகள்தான் உயரத்தைக் கட்டுப்படுத்துபவை. பெரும்பாலான கிட்டார்களில் வலப்பக்கம் திருகினால் பிக்கப் மேலே வரும். இது குழப்பும், திருகு உள்ளே போகும்போது பிக்கப் வெளியே வருகிறதே என்று தோன்றும். அரைச் சுற்று திருகுங்கள், எல்லாக் கம்பியையும் சேர்த்து ஒரு கார்டு அடியுங்கள், கேளுங்கள். மறுபடி அரைச் சுற்று. திருகு சுற்றுகிறது, பிக்கப் அசையவில்லை என்றால் அடியில் உள்ள ஸ்பிரிங்கோ ரப்பர் குழாயோ தளர்ந்துபோயிருக்கும். அதை மாற்றாமல் மேலே போக முடியாது.

மெல்லிய கம்பிகள் மூன்றும் குறைவு, தடித்தவை மூன்றும் அதிகம் என்றால் இந்தச் சாய்வு மாற்றமே வேலையை முடித்துவிடும். நடுவில் ஒரு கம்பி மட்டும் விலகி நின்றால் சாய்வால் பயனில்லை, தனித் திருகு, காந்தக் குச்சி பற்றிப் பின்னால் வரும் இரண்டு கேள்விகளுக்குப் போங்கள்.

எவ்வளவு அருகே கொண்டுவரலாம்? நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்தானே?

கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் காந்தம் கம்பியைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கும். ஒற்றைச் சுருள் நெக் பிக்கப்பை மிக உயர்த்திவிட்டு, ஆறாவது கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு சுரத்தைப் பிடித்துப் பாருங்கள். ஒரே சுரத்துக்குள் இரண்டு சுரங்கள் சண்டை போடுவதுபோல் 'வாங்வாங்' என்று அலையும். சுருதி மானி ஓரிடத்தில் நிற்காது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதிகம் வருவதால் கிட்டார்காரர்கள் இதை 'ஸ்ட்ராட்டைட்டிஸ்' என்று நோயின் பெயர்போல வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த அலைச்சல் நிற்கும்வரை பிக்கப்பை இறக்குங்கள். இன்டோனேஷன் எவ்வளவு பார்த்தும் சரியாக வரவில்லை என்று சாடிலோடு மல்லுக்கட்டுபவர்கள் பலருக்கு உண்மையான சிக்கல் இதுதான்.

என் பிக்கப்பில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித் திருகு இருக்கிறது. அதைத் திருகலாமா?

தாராளமாக. அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். 1946-இல் வந்த கிப்சன் நிறுவனத்தின் பி-90 பிக்கப், 1957 முதல் அதன் லெஸ் பால் கிட்டாரில் ஏறிய, சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர், இவற்றிலும் இவற்றின் வழி வந்த பெரும்பாலானவற்றிலும் இந்தத் திருகுகள் உண்டு. ஹம்பக்கரில் ஒரு வரிசையில் மட்டும்தான். இன்னொரு வரிசையில் அசையாத குச்சிகள் இருப்பதால் மாற்றத்தில் பாதிதான் காதுக்கு வரும்.

இடப்பக்கம் திருகினால் தலை மேலே வந்து சத்தம் கூடும், வலப்பக்கம் திருகினால் குறையும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் அசையும், ஆகவே கால் சுற்றால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். சத்தம் குறைந்த கம்பியை ஏற்றுவதைவிட, கத்தும் கம்பியை இறக்குவது நல்லது. திருகுத் தலை மிக உயர்ந்து நின்றால் பலமாக அடிக்கும்போது கம்பி அதில் மோதும்.

ஸ்க்ரூடிரைவர் முனை காந்தத்துக்கு அருகே போனதும் 'டக்'கென்று இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் கை வழுக்கி மூடியில் கோடு விழும். அதனால் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, இன்னொரு கையால் கம்பியை ஓரமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திருகுங்கள்.

திருகு இல்லை, உருண்டைக் காந்தக் குச்சிதான் இருக்கிறது. லேசாக அழுத்தி இறக்கலாமா?

வேண்டாம். பழைய பாணிப் பிக்கப்பில் செம்புக் கம்பி அந்தக் குச்சிகளின் மேலேயே நேராகச் சுற்றப்பட்டிருக்கும். அந்தக் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மி.மீ., தலைமுடி அளவு. குச்சியை நகர்த்தினால் உள்வரிசைக் கம்பி உரசி அறுந்துவிடும், பிக்கப் மொத்தமாகச் செத்துப்போகும். பிளாஸ்டிக் பாபினுக்குள் குச்சி வைத்த சில பிக்கப்புகளில் நகர்த்த முடியும்தான். ஆனால் உள்ளே எது இருக்கிறது என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாதபோது எதற்கு விஷப்பரீட்சை? சாய்வாலும் கம்பியின் தடிமனாலும் ஈடுகட்டுங்கள்.

கம்பிகள் காந்தக் குச்சிகளுக்கு நேராகப் போகவில்லை. அதனால்தானா?

அரிதாகத்தான். ஹம்பக்கரில் முதல் குச்சியிலிருந்து ஆறாவது குச்சிவரை ஏறக்குறைய 50 மி.மீ., ஃபெண்டர் பாணிப் பிரிட்ஜுக்கு ஏற்றவற்றில் 52 அல்லது 53 மி.மீ. இரண்டையும் கலந்து போட்டால் ஓரக் கம்பிகள் ஒரு மி.மீ. விலகி நிற்கும். கண்ணை உறுத்தும், காதை அவ்வளவாக உறுத்தாது. காந்தப்புலம் குச்சியின் தலையோடு நின்றுவிடுவதில்லை. ஒரு கம்பி குச்சியை முழுக்கத் தாண்டி வெளியே ஓடினால்தான் கவலைப்பட வேண்டும்.

கம்பியை வளைக்கும்போது சத்தம் நடுவில் இறங்குகிறதே?

கம்பி ஒரு குச்சியை விட்டு அடுத்த குச்சிக்குப் போகும் வழியில் நடுப்பள்ளத்தைக் கடக்கிறது. பிக்கப்பைச் சற்று இறக்கினால் பள்ளம் தெரியாமல் போகும். குச்சிக்குப் பதில் முழு நீளத் தகடு வைத்த பிக்கப்பில் இந்தச் சிக்கலே வராது. வளைக்கும்போது சத்தம் அடியோடு நின்றால் அது வேறு விஷயம்: மேல் ஃப்ரெட்டுகளில் கம்பி தடுக்கிக்கொள்கிறது, கம்பிகளின் உயரத்தைப் பாருங்கள்.

கம்பியைத் திறந்து தட்டினால் மட்டும் மங்கல். ஃப்ரெட்டில் பிடித்தால் சரியாக இருக்கிறது.

நட். பள்ளம் மிக ஆழமாகிக் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசுகிறது, அல்லது பள்ளம் அகன்று கம்பி உள்ளே ஆடுகிறது. இரண்டாவதில் சத்தம் சிதார்போல் ரீங்கரிக்கும்.

எதிர்மாறாக, எல்லா ஃப்ரெட்டிலும் ஒரே கம்பி மங்கினால் சாடில் பக்கம் போங்கள். கம்பி பள்ளத்தில் உட்காராமல் விளிம்பில் ஏறி நிற்கலாம். உயரத் திருகுகளில் ஒன்று தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கலாம். இதை விரலால் சாடிலை அசைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் மங்கினால் அதற்கு அடுத்த ஃப்ரெட் மேடாக இருக்கும்.

உரசல் இல்லை, கம்பியும் புதிது. ஆனாலும் குறிப்பிட்ட ஒரு சுரம் மட்டும் உடனே செத்துவிடுகிறது.

கழுத்து தின்றுவிடுகிறது. மரக் கழுத்துக்கும் சொந்தமாக அதிரும் வேகங்கள் உண்டு. ஒரு சுரம் அதோடு ஒத்துப்போனால் கம்பியின் ஆற்றல் பிக்கப்புக்கு வருவதற்குப் பதில் கழுத்துக்குள் போய்விடும். கிட்டார் தலையை மரக் கதவிலோ சுவரிலோ மெதுவாக அழுத்திக்கொண்டு அதே சுரத்தை வாசியுங்கள். அது நீண்டு ஒலித்தால் காரணம் உறுதி. முழுதாகக் குணப்படுத்த முடியாது, இடம் மாற்றலாம்: தலையில் கொஞ்சம் எடை மாட்டினால் அந்தச் செத்த இடம் நீங்கள் அதிகம் வாசிக்காத ஃப்ரெட்டுக்கு நகர்ந்துவிடும். பேஸ் கிட்டாரில் இது இன்னும் அதிகம்.

நெக் பிக்கப் பலமாகவும் பிரிட்ஜ் பிக்கப் மெலிதாகவும் கேட்கிறது.

அது இயல்பு. கம்பி பிரிட்ஜ் அருகே குறைவாகவும் நடுவை நோக்கி அகலமாகவும் ஆடுகிறது. பிரிட்ஜ் பிக்கப்பை முதலில் உங்களுக்குப் பிடித்த உயரத்தில் வைத்துவிட்டு, நெக் பிக்கப்பை அதற்குச் சமமாகும்வரை இறக்குங்கள். மாற்றிச் செய்தால் பிரிட்ஜைக் கம்பியில் முட்டும்வரை ஏற்ற வேண்டியிருக்கும்.

காந்தம் வலுவிழந்திருக்குமா?

வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. பலமான வேறொரு காந்தத்தை அருகே கொண்டுபோனால் அல்னிகோ என்ற கலப்பு உலோகத்தாலான காந்தக் குச்சிகள் வலு இழக்கும். ஒரு குண்டூசியை ஒவ்வொரு குச்சியின் தலையிலும் வைத்து இழுத்துப் பாருங்கள். ஐந்து இழுத்துப் பிடித்து ஒன்று மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டால் சிக்கல் அங்கேதான், மறுபடி காந்தமேற்றத் தெரிந்தவரிடம் போக வேண்டும். கையோடு குச்சிகளின் தலையையும் பாருங்கள். ஸ்டீல் வுல் வைத்து ஃப்ரெட் தேய்த்திருந்தால் இரும்புத் தூள் அங்கே தாடிபோல் முளைத்திருக்கும். டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் வந்துவிடும். அடுத்த முறை தேய்க்கும் முன் பிக்கப்பை மூடிவிடுங்கள்.

பேஸ் கிட்டாரில் இரண்டு கம்பிகள் ஒன்றாக அடங்கிவிட்டன. இதுவும் அப்படித்தானா?

இதுதான் முன்பு சொன்ன விதிவிலக்கு. 1957 முதல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் பிக்கப் இரண்டு துண்டாக இருக்கும். ஈ, ஏ கம்பிகளுக்கு ஒரு சுருள், டி, ஜி கம்பிகளுக்கு இன்னொன்று. ஒரு துண்டு மட்டும் கெட்டால் அந்த இரண்டு கம்பிகள் மட்டும் அடங்கும். முதலில் இரு துண்டுகளின் உயரமும் ஒன்றா என்று பாருங்கள், நான் பார்த்தவரை பத்தில் எட்டு அதோடு முடிந்துவிடும். முடியவில்லையென்றால், ஆம், இங்கே சோல்டரிங் அயனைச் சூடாக்கலாம். மல்டிமீட்டர் வைத்து இரண்டு சுருளின் ஓம் அளவையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

கம்ப்ரெசர் பெடல் வாங்கினால் போதாதா?

கம்பிகளின் வித்தியாசம் அதில் மறையும். டிஸ்டார்ஷனிலும் மறையும், அதனால்தான் ஹெவியாக மட்டும் வாசிப்பவர்கள் பலருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது. கிளீன் சத்தத்தில் விரலால் மீட்ட ஆரம்பித்த அன்று அது வெளியே வரும். காசில்லாமல் செய்யக்கூடிய திருகு வேலையை முடித்துவிட்டு, பிறகும் ஆசை இருந்தால் பெடல் வாங்குங்கள்.

பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால் என்ன சொல்ல வேண்டும்?

'சத்தம் சரியில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கம்பி, எந்தப் பிக்கப், ஆம்ப் இல்லாமலும் குறைகிறதா, எல்லா ஃப்ரெட்டிலுமா அல்லது ஒன்றிலா, என்ன செட் போட்டிருக்கிறீர்கள் என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பதிவு செய்த ஒலி இருந்தால் அதையும் காட்டுங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் கம்பிச் செட்டையே கொடுத்து, அதில்தான் சரிசெய்யச் சொல்லுங்கள். வேறு தடிமனில் சரிசெய்து வாங்கி வந்து, வீட்டில் பழைய செட்டுக்கு மாறினால் மறுபடி முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.